ஐந்து தரம், இரண்டு ஆசிரியர், ஒரு மண்டபம்

தங்கச்சி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். கல்வியியற் கல்லூரி முடித்து முதல் நியமனம். முல்லைத்தீவில் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே காட்டோரமாக ஒரு கிராமம். தரம் 1 இலிருந்து 5 வரை 29 பிள்ளைகள். அதிபரோடு மூன்று பேர், அதிலும் அதிபர் கிழமையில் இரண்டு நாள் கூட்டம் என்று வலயக் கல்வி அலுவலகத்துக்கோ கோட்டக் கல்வி அலுவலகத்துக்கோ போய்விடுவார். தடுப்புச் சுவர் இல்லாத ஒரே மண்டபம். "ஐந்து தரத்துக்கும் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டு போறன், பதினொரு மணிக்குள்ள தொண்டை கட்டிப்போகுது, ஒண்டும் முடியிறதில்லை. ஆரை எங்க இருத்துறது, எப்ப ஆருக்குப் படிப்பிக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று. இது உங்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. இலங்கையில் இருக்கிற 10,000 சொச்சம் அரச பாடசாலைகளில் ஏறக்குறைய 3,000 பாடசாலைகளில் நூறு பிள்ளைகள்கூட இல்லை. வன்னியில் மடு, துணுக்காய், வவுனியா வடக்கு, முல்லைத்தீவு என்று எந்த வலயத்துக்குள் போனாலும் ஏ9 வீதியை விட்டு இறங்கிக் கொஞ்சத் தூரம் போனால் இப்படிப் பள்ளிக்கூடம் ஒன்றாவது நிற்கும். பயிற்சிப் பட்டறைகளில் இதற்குப் பல்தர வகுப்பு என்று பெயர். எங்கள் வாயில் "வகுப்புகளைச் சேர்த்து எடுக்கிறது". ஆள் போதாததற்கு ஒரு சமாளிப்பு என்கிற தொனி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அந்தத் தொனியோடு போனால் நாள் முழுக்கச் சமாளிப்பிலேயே போய்விடும்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் கிழமை ஐந்து தரத்துக்கும் ஐந்து மூலை ஒதுக்கி, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து எட்டு நிமிடத்துக்கு ஒரு மூலையாக ஓடினேன். தரம் 5 க்கு பின்னம் விளங்கப்படுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், தரம் 1 பிள்ளைகள் ஆறு பேரும் வட்டமாக இருந்து கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். நேரம் ஒன்பது மணிகூட ஆகவில்லை. ஒருவன் கைகழுவப் போனவன், கிணற்றடியில் தவளை பிடித்துக்கொண்டு நிற்கிறான். அன்று பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது: நான் பாடத்துக்குத்தான் ஆயத்தம் செய்துகொண்டு போகிறேன், நான் பக்கத்தில் இல்லாத நேரத்துக்கு ஒரு ஆயத்தமும் இல்லை. மூன்று தரம் எடுத்தால் ஒரு பிள்ளையின் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியர் இல்லாத நேரம். அந்த இரண்டு பங்கில் பிள்ளை என்ன செய்யும் என்பதைத் தீர்த்துவிட்டால் மீதி ஒரு பங்கு பெரிய வேலை இல்லை. நீங்கள் எழுதுகிற ஐந்து குறிப்பும் அந்த ஒரு பங்குக்குத்தான் என்பதைக் கவனியுங்கள்.

இனிப் பிரிக்கிற கதைக்கு வருவோம். ஐந்து மூலை வேண்டாம். தரம் 1, 2 ஐ ஒருவர், 3, 4, 5 ஐ மற்றவர் என்று எடுங்கள். எங்கள் பாடத்திட்டமே அந்த மாதிரித்தான் கட்டப்பட்டிருக்கிறது. முதன்மை நிலை ஒன்று தரம் 1 உம் 2 உம், முதன்மை நிலை இரண்டு 3 உம் 4 உம், மூன்றாவது நிலை தரம் 5. முதல் நிலையில் விளையாட்டுத்தான் கூட, மேசை வேலை கொஞ்சம். மேலே போகப் போக மேசை வேலை கூடும். ஆகவே ஒன்றும் இரண்டும் சேர்ந்து இருந்தால் சத்தத்துக்குச் சத்தம் பொருந்தும். தரம் 2 ஐயும் 5 ஐயும் ஒருவரிடம் விட்டால் ஒரு பக்கம் பாட்டும் ஆட்டமும், மறுபக்கம் கணக்கு, இரண்டும் உருப்படாது. அதிபர் நிற்கிற நாளில் அவரைத் தரம் 5 இன் மொழியும் கணிதமும் எடுக்கச் சொல்லுங்கள். அவர் இல்லாவிட்டாலும் நேரசூசி ஓட வேண்டும். அதனால் அவரை நம்பி நேரசூசி போடாதீர்கள், அவர் வருவது மேலதிக லாபம்.

தரம் என்பது இடாப்பில் இருக்கிற விஷயம். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது வேறு. இதை நான் படித்தது 2010 இல். மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்து திரும்பி வந்த சனம் காணி துப்புரவாக்கிக்கொண்டிருந்த காலம். தறப்பாள் கொட்டிலுக்குள் "தரம் 3" என்று எழுதின மட்டைக்குப் பின்னால் எட்டு வயதுப் பிள்ளையும் இருந்தது, பதினொரு வயதுப் பிள்ளையும் இருந்தது. இடம்பெயர்வில் ஒன்றரை, இரண்டு வருசம் படிப்பைத் தொலைத்த பிள்ளைகள். பதினொரு வயதுப் பையனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் சந்தையில் தகப்பனோடு நின்று பழகினபடியால் மனக்கணக்கில் தரம் 5 ஐ முந்துவான். அவனை மூன்றாம் தரம் என்று சொல்லி என்ன பிரயோசனம்? மொழிக்கு ஒரு குழுவிலும் கணிதத்துக்கு வேறு குழுவிலும் இருத்தினேன். இன்றைக்கு வயது வித்தியாசம் அவ்வளவு இல்லை, படி வித்தியாசம் அப்படியேதான் இருக்கிறது. வருசத் தொடக்கத்தில் இரண்டு கிழமையைக் கழித்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லுங்கள், கழிக்கச் சொல்லுங்கள். ஒரு கொப்பியில் பிள்ளைக்கு ஒரு பக்கம். அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளில் எது வந்தது, எது வரவில்லை என்று அந்தப் பக்கத்தில் குறித்துக்கொண்டு போனால், அதிகாரி வந்து கேட்கும்போதும் காட்டலாம்.

எல்லாப் பாடத்தையும் ஒரே மாதிரிச் சேர்க்க முடியாது. சமயம் ஐந்து தரமும் ஒன்றாகவே இருக்கலாம். தேவாரம் பாடுவதற்கும் நாயன்மார் கதை கேட்பதற்கும் தரம் எதற்கு? அழகியல், உடற்பயிற்சி அதே மாதிரி. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் அதே கருப்பொருள்கள்தான் தரத்துக்குத் தரம் விரிந்து வருகின்றன, ஆகவே தொடக்கம் பொது, முடிவு தனி. தரம் 3, 4 இரண்டுக்கும் சுற்றாடலை ஒரு வருசம் தரம் 3 இன் பாடம், மறு வருசம் தரம் 4 இன் பாடம் என்று மாற்றி மாற்றி எடுப்பவர்களும் உண்டு. வேலை குறையும்தான். ஆனால் இடையில் பள்ளிக்கூடம் மாறுகிற பிள்ளைக்கு ஒரு வருசத்துப் பாடம் விடுபட்டுப் போகும். விடுகைப் பத்திரத்தோடு ஒரு துண்டு எழுதிக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள். மொழியும் கணிதமும் படி ஏறுகிற பாடங்கள். அங்கே ஒன்றாக இருத்தினாலும் வேலையைத் தனித்தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.

கழித்தலை எடுத்துக்கொள்வோம். 3, 4, 5 மூன்றும் உங்களிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுண்டில் புளியங்கொட்டை, ஒரு கட்டு ஈர்க்கு. முதல் பத்து நிமிடம் எல்லாருக்கும் ஒரே கதை: "குளத்தில மழைக்கு முன்னம் 8 அடி தண்ணி. இப்ப 23 அடி. எவ்வளவு ஏறியிருக்கு?" குளத்து அடிக்கணக்கு எங்கள் பிள்ளைகளுக்குப் பாலோடு வந்த கணக்கு. வீட்டில் தகப்பன் அதைத்தான் பேசுவார், குளம் நிரம்பி வான் பாயுமா பாயாதா என்பதுதான் மாரி முழுக்கக் கதை. மூன்று தரமும் கை தூக்கும். தரம் 5 பிள்ளை ஒன்று டக்கென்று விடையைச் சொல்லும், "எப்பிடி எண்டு தரம் 3 க்கு ஈர்க்கால காட்டு" என்று கேளுங்கள். பத்துக்கட்டு ஒன்றை அவிழ்த்து, மூன்றோடு சேர்த்துப் பதின்மூன்றாக்கி, எட்டை எடுத்து வைக்கும். அவிழ்க்கிற அந்த இடம்தான் பாடம். பிறகு பிரியுங்கள். தரம் 5 க்கு பலகையில் ஐந்து வசனக் கணக்கு: ஒவ்வொரு கிழமையும் குளம் இறங்கின அளவு, நான்கு கிழமைக்கு எவ்வளவு, துருசு (மதகு) திறந்தால் எத்தனை நாளைக்குக் காணும் என்று. தரம் 4 க்கு மூன்றிலக்கக் கழித்தல், இருவர் இருவராக. நீங்கள் தரம் 3 ஓடு நிலத்தில் இருந்து ஈர்க்குக் கட்டை அவிழ்த்துக் கட்டுங்கள். இருபது நிமிடம் கழித்துத் தரம் 3 கொப்பியில் எழுதும், நீங்கள் தரம் 5 க்குப் போவீர்கள். தரம் 4 க்கு அன்று உங்களிடமிருந்து ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். நாளைக்கு அவர்கள் முறை. எல்லாருக்கும் ஒவ்வொரு நாளும் சமமாகப் பங்கு போட நினைத்தால் எல்லாருக்கும் அரைகுறைதான் மிஞ்சும். கிழமைக் கணக்கில் பங்கு போடுங்கள்.

நேரசூசி போடும்போது பாடத்தின் பெயரைப் பார்க்காமல் சத்தத்தைப் பார்த்துப் போடுங்கள். இது ஒரு கைநூலிலும் நான் காணவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு பக்கம் வாய்விட்டு வாசிக்கிற பாடம் நடந்தால் மறுபக்கம் எழுதுகிற பாடம் நடக்க வேண்டும். மண்டபத்தில் இரண்டு ஆசிரியரும் ஒரே நேரத்தில் குரல் எடுத்தால் அன்றைக்கு யார் குரல் பெரிது என்ற போட்டிதான். மற்ற ரீச்சரோடு வெள்ளிக்கிழமை பள்ளி விட்டபின் அரை மணித்தியாலம் இருந்து, அடுத்த கிழமைக்கு உங்கள் சத்த நேரம் எது, அவவின் சத்த நேரம் எது என்று பேசிக்கொள்ளுங்கள். தரம் 1, 2 முன்னேரத்தோடு வீட்டுக்குப் போனபிறகு கிடைக்கிற நேரம் தங்கம். அப்போது இரண்டு ஆசிரியருக்கு மூன்று தரம்தான். பெரிய பிள்ளைகளின் கட்டுரையையும் வாசிப்பையும் அங்கே தள்ளுங்கள்.

இருத்துகிற விஷயத்தில் நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு குழுவும் முதுகுக்கு முதுகாக, ஒருவர் கிழக்குப் பலகையையும் மற்றவர் மேற்குப் பலகையையும் பார்க்க இருந்தால் குரல் மோதாது. மாரியில் தூவானம் அடிக்கிற பக்கம் எது என்று பார்த்து அந்தப் பக்கம் அலுமாரியை நகர்த்துங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கு வேண்டாம், பாய் போதும். அரைச்சுவரின் உட்பக்கத்தைக் கறுப்புப் பெயின்ற் அடித்துவிட்டால் பிள்ளையின் உயரத்துக்கு ஒரு நீளக் கரும்பலகை வந்துவிடும். ஒவ்வொருவருக்கும் ஒரு முழம் ஒதுக்கிப் பெயர் எழுதிவிட்டால் தரம் 1 பிள்ளை அரை மணித்தியாலம் வெண்கட்டியோடு உங்களைத் தேடாது. நான் அடித்த பெயின்ற் பழைய மாணவர் ஒருவரின் கடையில் மிஞ்சினது, காசு கொடுக்கவில்லை.

இனி அட்டை. ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நேரத்துக்கு நான் கண்ட ஒரே மருந்து இதுதான். கடையில் சவர்க்காரப் பெட்டி, பிஸ்கற் பெட்டி கேட்டு வாங்கி உள்ளங்கை அளவில் வெட்டுங்கள். ஒரு அட்டைக்கு ஒரு வேலை, பின்பக்கத்தில் விடை. பிள்ளை செய்துவிட்டுத் தானே திருப்பிப் பார்க்கும், பிழைத்தால் தானே திருத்தும். தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் என்று 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார்களே, அதன் உயிரும் இந்த அட்டைதான். சுவரில் ஏணி மாதிரிப் படம், ஒன்று முதல் நான்கு வரையான வகுப்புப் பிள்ளைகள் கலந்து பாயில் இருந்து, தன் தன் படிக்குரிய அட்டையை எடுத்து வேலை செய்தார்கள். அங்கே அதற்கு எதிர்ப்பும் இருந்தது, "வாத்தியார் சும்மா இருக்கிறார்" என்று பெற்றோர் சொன்னதும் உண்டு. எங்களிடம் அச்சடித்த அட்டைப் பெட்டி இல்லை, பரவாயில்லை. ஒரு பாடத்துக்கு நாற்பது அட்டை இருந்தால் ஒரு தவணை ஓடும். நாளுக்கு மூன்று அட்டை எழுதுங்கள், ஒரே இரவில் எழுத வெளிக்கிட்டு வெறுத்துப் போகாதீர்கள்.

அட்டையில் தரம் எழுத வேண்டாம். படம் போடுங்கள். நான் உடும்பு, மயில், மான், யானை என்று நான்கு படி வைத்தேன், யானை ஆகக் கடினம். பிழை என்னுடையது. இரண்டு நாளில் பள்ளிக்கூடம் முழுக்க யானை அட்டையைத் தூக்கிக்கொண்டு திரிந்தது, உடும்பைத் தொட ஆள் இல்லை. வன்னிப் பிள்ளைக்கு யானையை விட்டால் வேறு என்ன? அடுத்த தவணை எல்லாம் மரமாக மாற்றினேன்: பாலை, வீரை, முதிரை, இலுப்பை. ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை.

கூப்பிடுகிற பிரச்சினைக்கு ஒரு சோடா மூடி காணும். ஒரு பக்கம் சிவப்பு. வேலை ஓடிக்கொண்டிருந்தால் மூடி நிமிர்ந்து இருக்கும், மாட்டுப்பட்டால் சிவப்புப் பக்கம் மேலே. நீங்கள் மற்றக் குழுவில் இருந்துகொண்டே யார் மாட்டுப்பட்டார் என்று பார்க்கலாம். சிவப்பு வைத்துவிட்டு அடுத்த அட்டைக்குப் போக வேண்டும், கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. இதை முதல் கிழமை பாடமாகவே பழக்குங்கள். ஒரு கிழமை கணக்கும் தமிழும் குறைந்தாலும் பிறகு வருசம் முழுக்க மிச்சம்.

பெரிய பிள்ளையைக் கொண்டு சின்னப் பிள்ளைக்குப் படிப்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கேட்காமலே எல்லோரும் செய்கிற வேலை இது. எங்கள் திண்ணைப் பள்ளிக்கூடங்களின் சட்டாம்பிள்ளை முறைதானே. சென்னை எழும்பூர் அனாதைப் பிள்ளைகள் விடுதியில் மேற்பார்வைக்கு இருந்த அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், பிள்ளைகள் மணலில் எழுதுவதையும் பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பதையும் தன் விடுதியில் கைக்கொண்டு, 1797 இல் இலண்டனில் புத்தகமாகப் போட்டார். அங்கே அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர் விழுந்தது. யாழ்ப்பாணத்துப் பழைய ஆட்கள் வாத்தியாரையே சட்டம்பியார் என்றுதான் சொல்வார்கள். ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அளவு இருக்கிறது. தரம் 5 இல் ஒரு கெட்டிக்காரப் பிள்ளையை நான் தரம் 1 ஓடு விட்டுவிட்டேன். நல்ல பொறுப்பு, சின்னதுகள் அவவிடம் ஒட்டிக்கொள்ளும், எனக்குப் பெரிய ஆறுதல். இரண்டாம் தவணை முடிவில் தாய் வந்தா, புள்ளிப் பத்திரத்தை மேசையில் வைத்தா. "சேர், என்ரை பிள்ளை படிக்கவோ வாறது, படிப்பிக்கவோ வாறது?" மறுமொழி இல்லை. அதிலிருந்து கணக்கு: ஒரு பிள்ளைக்கு நாளுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இல்லை, ஆள் மாறி மாறி, கெட்டிக்காரர் மட்டும் இல்லை. வாசிப்பில் தடக்குகிற தரம் 4 பையனைத் தரம் 1 க்கு கதை வாசிக்க விட்டுப் பாருங்கள். தன் வகுப்பில் வாய் திறக்காதவன் அங்கே குரல் மாற்றி வாசிப்பான், முதல் நாள் வீட்டில் பழகிக்கொண்டும் வருவான்.

புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றி நான் சொல்லப்போவது அதிபருக்குப் பிடிக்காது. தரம் 5 இல் ஆறு பிள்ளைகளுக்காக நாளின் அரைவாசி போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெறுபேறு வரும்போது வலயம் அதைத்தான் கேட்கும், எனக்கும் தெரியும். ஆனால் காலையில் முதலில் போக வேண்டிய இடம் தரம் 1. வாசிக்கத் தெரிந்த பிள்ளையை அட்டையோடு விடலாம், வாசிக்கத் தெரியாத பிள்ளையை எதோடு விடுவீர்கள்? தரம் 1, 2 இல் வாசிப்பு ஏறாவிட்டால் நான்கு வருசத்துக்குப் பிறகு அதே பிள்ளைதான் புலமைப்பரிசில் மேசையில் கேள்வியை விளங்காமல் இருக்கும். இரண்டு ஆசிரியரில் அனுபவம் கூடினவர் கீழ் வகுப்பை எடுக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. பெரும்பாலும் புதிதாக வந்தவரைத்தான் அங்கே தள்ளுவார்கள். உங்களையும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

பாடக்குறிப்புச் சங்கடம். ஒருமுறை மேற்பார்வைக்கு வந்த ஒருவர், சேர்த்து எழுதின குறிப்பைப் பார்த்துவிட்டு "தரத்துக்கு ஒண்டு எங்க?" என்று கேட்டு, பள்ளிக்கூடத்து லொக் புத்தகத்தில் (பதிவேட்டில்) ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போனார். அதன்பிறகு நான் கொப்பியை அகலப் பக்கமாகத் திருப்பி, மேலே பொதுத் தொடக்கம், கீழே தரத்துக்கு ஒரு நிரல், ஆசிரியர் நிற்கிற கட்டத்துக்குச் சிவப்புக் கோடு என்று எழுதினேன். அடுத்து வந்தவர் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார். நீங்களும் எழுதத் தொடங்க முன்னம் ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகரிடம் மாதிரி ஒன்றைக் காட்டிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

வரவு பற்றியும் ஒரு சொல். முதலாம் தவணை தொடங்குகிற நேரம் காலபோக நெல் அரிவு வெட்டு. தாயும் தகப்பனும் வயலில் நின்றால் சின்னதைப் பார்க்கப் பெரியது வீட்டில் நிற்கும். வழமை வகுப்பில் நான்கு நாள் விடுபட்ட பிள்ளை தொலைந்ததுதான். அட்டைப் பெட்டி இருந்தால் விட்ட அட்டையிலிருந்து தொடங்கும். இதற்காகவே நான் ஆள் நிறைந்த பள்ளிக்கூடத்துக்கு மாறின பிறகும் அட்டையை விடவில்லை.

கடைசியாக, நேரசூசி போடும்போது கணிதத்தை எட்டரைக்கு முன்னம் வைக்காதீர்கள். இரவு யானை இறங்கினால் காட்டுக்கரைப் பிள்ளைகள் வீதி வெளித்தபிறகுதான் வெளிக்கிடும், வந்து சேர எட்டேகால் ஆகும். அதுவரை சமயமும் பாட்டும் ஓடட்டும்.